சலேத்மேரி சாம்பல் தேடிய செவ்வாய்க்கிழமை

திருவண்ணாமலையில் மாதா கோயிலுக்கு வழி கேட்டால் எந்த ஆட்டோக்காரரும் சொல்லிவிடுவார். கோயிலுக்குள் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பங்குச் சாமியாரே கையை விரித்துவிடுவார். அதற்குச் சலேத்மேரிதான் வரவேண்டும். பீடத் துணி எந்த அலமாரியில், பெரிய வியாழனன்று பாதம் கழுவுகிற தாம்பாளம் எந்தப் பெஞ்சுக்கு அடியில், கிறிஸ்துமஸ் குடிலில் வைக்கிற கால் ஒடிந்த ஆட்டுக்குட்டி எந்த டப்பாவில், எல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. எழுதி ஒட்டியது ஒன்றும் கிடையாது. எழுதி ஒட்டினால் ஆளாளுக்கு எடுப்பார்கள், எடுத்தவர்கள் திரும்ப வைக்கமாட்டார்கள் என்பது அவள் கட்சி.

இந்த வேலை முதலில் அவளுடையதே அல்ல. அவள் புருஷன் இருதயராஜுக்குத்தான் பழைய சாமியார் ஒருவர் கோயிலைத் திறந்து மணி அடிக்கிற வேலையைக் கொடுத்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கவேண்டும் என்பதை அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு தடவை சாமியார் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றார். மூன்றாம் தடவை சலேத்மேரி சாவியைப் பிடுங்கிக்கொண்டு தானே போனாள். ஒரு வாரத்துக்கு என்று போனவள், இருபத்திரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். இருதயராஜ் ஆட்டோ வாங்கி, ரமணாசிரமம் பக்கம் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கிக்கொண்டு, நன்றாகத் தூங்கி எழுந்தே பிழைத்தார்.

வாய் கொஞ்சம் நீளம் அவளுக்கு. பூசை நடக்கும்போது ஃபேனுக்கு நேர்கீழே இடம் தேடுகிற பெண்களைப் பார்வையாலேயே நகர்த்திவிடுவாள். ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தை அழுதால், அம்மாக்காரியிடமிருந்து வாங்கித் தோளில் போட்டு இரண்டு தட்டு தட்டுவாள். குழந்தையும் சொன்ன பேச்சைக் கேட்டு நிறுத்திவிடும். காலையில் ஒருவரைத் திட்டியிருப்பாள், சாயங்காலம் அவர் வீட்டில் காய்ச்சல் என்று தெரிந்தால் மிளகு ரசத்தோடு போய் நிற்பாள். ஆகையால் அவள்மேல் கோபப்பட்டவர்கள் அந்த ரசம் ஆறுகிற வரைக்கும்கூடக் கோபமாக இருந்ததில்லை.

ஒருத்தியைத் தவிர. அவள் மணிமொழி.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் புது வீடுகள் வரிசையாக வந்திருக்கிற பக்கத்தில் மணிமொழி தையல்கடை வைத்திருந்தாள். அங்கே இருக்கிற இருபது கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்துக்கு அவள்தான் தலைவி. மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லி, சுண்டல் தின்று, ஊர்க்கதை பேசிக் கலைகிற கூட்டம் அது. போன ஆகஸ்ட்டில் மாதா திருவிழா வந்தபோது, தேரில் ஏறுகிற மாதாவுக்குச் சாத்துவதற்காக மணிமொழி ஒரு ரோஸ் நிறப் புடவை எடுத்து, இருபது நாள் உட்கார்ந்து முந்தானையில் தன் கையாலேயே ஜரிகைப் பூ தைத்துக் கொண்டுவந்தாள்.

சலேத்மேரி அதைப் பிரித்துப் பார்த்தாள். சுற்றிலும் பெண்கள் நின்றிருந்தார்கள்.

"இது மாதாவுக்குக் கட்டுறதா, இல்ல ரிசப்ஷனுக்குப் போறதா?" என்று கேட்டு, மடித்துப் பீரோவில் வைத்துவிட்டாள். அந்தத் திருவிழாவுக்கு மாதா நீலப் பட்டுதான் கட்டினாள். பெண்கள் சிரித்தார்கள். மணிமொழி சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் இந்தக் கோயில் வாசலை மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூர் கோயிலுக்குப் போய்வந்தாள்.

"போறவங்க போகட்டும். பஸ்ஸுக்கு இன்னா பஞ்சமா?" என்றாள் சலேத்மேரி. ஆனாலும் பூசை முடிந்து ஆட்களைக் கண்ணால் எண்ணும்போது, மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் அவள் பார்வை ஒரு நொடி நின்றுதான் நகரும்.

இனிமேல்தான் சாம்பல் கதை.

தவக்காலம் தொடங்குகிற புதன்கிழமையை மாதா கோயில்காரர்கள் விபூதிப் புதன் என்பார்கள். அன்றைக்குச் சாமியார் எல்லார் நெற்றியிலும் சாம்பல் பூசுவார். ஏதோ ஒரு சாம்பல் அதற்கு ஆகாது. முந்தின வருஷம் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்துக் கொடுத்த ஓலையை வீட்டுக்கு வீடு படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருப்பார்கள். குருசாகவும் கிளியாகவும் பிள்ளைகள் முடைந்த ஓலைகள் அவை. மறுவருஷம் தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு அவற்றைக் கோயிலில் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதை எரித்த சாம்பல்தான் நெற்றிக்கு. ஒரு சாக்கு ஓலை எரித்தால் ஒரு டம்ளர் சாம்பல் தேறினால் அதிகம்.

இருபத்திரண்டு வருஷமாக எரிப்பது, இடிப்பது, சலிப்பது எல்லாம் சலேத்மேரிதான். சாமியார் நெற்றி நெற்றியாகப் பூசிக்கொண்டு போக, பக்கத்தில் தட்டைப் பிடித்து நிற்பதும் அவள்தான். வருஷத்தில் அந்த ஒரு நாள் அவள் புதுப்புடவை கட்டமாட்டாள், பூ வைக்கமாட்டாள், ஆனால் கல்யாண வீட்டுக்காரி போல நிமிர்ந்து நிற்பாள்.

புதிதாக வந்த பங்குச் சாமியார் எழில் சின்ன வயசுக்காரர். பொங்கல் கழிந்ததுமே சொல்லிவிட்டார்.

"அம்மா, சாம்பல் இப்போ ரெடிமேடா பாக்கெட்ல வருது. போன்லயே ஆர்டர் போட்டுடலாம். உங்களுக்கு ஏன் வீண் சிரமம்?"

"பாக்கெட்டா?" என்று சலேத்மேரி முந்தானையை இழுத்துச் செருகினாள். "அது எந்த ஊரு ஓலைனு யாரு கண்டாங்க? யாரு வீட்டுல இருந்துச்சோ, இன்னா ஜெபம் கேட்டுச்சோ. நம்ம சனங்க நெத்திக்கு நம்ம வீட்டு ஓலைதான் சாமி."

"எண்ணூறு பேர் வருவாங்கம்மா. அன்னைக்குக் காலைல சாம்பல் இல்லைனா நான்தான் திருதிருனு முழிக்கணும்."

"அப்படி ஆச்சுன்னா இந்தச் சாவிக்கொத்தை உங்க கையில கொடுத்துட்டு நான் வீட்டுக்குப் போறேன். போதுமா?"

சாமியார் சிரித்துக்கொண்டே போனை உள்ளே வைத்தார். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார். சலேத்மேரி விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் சாக்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓலை கொண்டுவந்தவர்களுக்கு ஒரு சிரிப்பு, வராதவர்களுக்கு ஒரு குத்து. "இன்னாம்மா சினேகா, வெறுங்கையா வர? படத்துக்குப் பின்னால கை விட முடியாதா? இரு, புதன்கிழமை உன் நெத்திக்கு மட்டும் அளந்து பூசச் சொல்றேன்." திங்கட்கிழமை எரித்தாள், இடித்தாள், துணியில் சலித்தாள். கரும்பட்டுப் போலச் சாம்பல் ஒரு காபித்தூள் டப்பா நிறைய வந்தது. கொஞ்சம் ஈரப்பதமாக இருக்கிறதே என்று செவ்வாய்க்கிழமை காலையில் டப்பாவைத் திறந்து, சாமியார் வீட்டுச் சமையல்கட்டுக்குப் பின்னால், பாத்திரம் தேய்க்கிற கல் பக்கத்துச் சுவரில் வெயில் பட வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அவள் எதையும் யாரிடமும் சொல்லிச் செய்கிற வழக்கமில்லை.

அந்தச் சமையல்கட்டுக்கு ரேணுகாம்பாள் வந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. பெரிய கோயில் தேரடிப் பக்கத்து வீடு, வாரம் தவறாமல் அண்ணாமலையாரைக் கும்பிடுகிற மனுஷி. மறுநாள் நோன்பு தொடங்குவதால் அன்றைக்குச் சாமியார் வீட்டில் ஆட்டுக்கறி. ரேணுகாம்பாள் செவ்வாய்க்கிழமை கவிச்சி சாப்பிடமாட்டாள். சமைப்பாள், ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கிளறுவாள். முகத்தைத் திருப்பிக் கிளறினால் என்ன ஆகும்? குழம்பு அடிப்பிடித்தது. கவிச்சி வாடையும் கரியும் போகிறமாதிரி பாத்திரத்தைத் தேய்க்கவேண்டும். சோப்பு வாடையை எடுக்குமா? திரும்பிப் பார்த்தால் சுவர்மேல் டப்பா நிறையச் சலித்த சாம்பல். மாதா கோயில்காரர்கள் எவ்வளவு நறுவிசானவர்கள், பாத்திரம் தேய்க்கிற சாம்பலைக்கூடச் சலித்து வைத்திருக்கிறார்களே என்று மெச்சிக்கொண்டு, தேங்காய்நாரில் தொட்டுத் தொட்டு முழுவதையும் தேய்த்துத் தீர்த்தாள்.

பகல் பன்னிரண்டு மணிக்குச் சலேத்மேரி வந்து பார்த்தபோது டப்பாவும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"ரேணுகா, இதுல இருந்தது எங்கே?"

"சட்டி தேய்ச்சேம்மா. பாருங்க, மூஞ்சி தெரியுது."

உண்மையிலேயே தெரிந்தது. சலேத்மேரி அந்தச் சட்டிக்குள் தன் முகத்தைப் பார்த்தாள். அது பேயறைந்த முகமாக இருந்தது.

"அடிப்பாவி, அது நாளைக்குச் சாமியார் பூசுற விபூதிடி!"

ரேணுகாம்பாள் கையில் இருந்த நாரைக் கீழே போட்டாள். "விபூதியா? எம்மா, விபூதினா வெள்ளையா இல்ல இருக்கும்? இது கன்னங்கரேல்னு இருந்துச்சே! வெள்ளையா இருந்திருந்தா சத்தியமா தொட்டுக் கும்பிட்டு நெத்தியில இட்டுட்டு நகர்ந்திருப்பேனே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கண் கலங்கி, "பெரிய கோயில்ல இருந்து நான் ஒரு பொட்டலம் வாங்கியாந்துடட்டா?" என்று கேட்டாள்.

சத்தம் கேட்டுச் சாமியார் எழில் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். "அதனால என்னம்மா, தென்னை மட்டையில நாலு ஓலை வெட்டி மந்திரிச்சு எரிச்சிடுவோம்."

"பச்சை ஓலை எரியாது சாமி, புகையும். அதுவும் வீட்டுல ஒரு வருஷம் இருந்த ஓலைதான் வேணும்."

"சரி, அப்போ என்ன செய்யலாம்?"

சலேத்மேரி இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்துச் சமையல் மேடைமேல் வைத்தாள்.

"இதை யாரும்மா இப்போ கேட்டா?"

"நான் சொன்னேன் இல்ல. நாளைக்குக் காலைல ஆறு மணிக்குள்ள ஓலைச் சாம்பலோட வந்தா எடுத்துக்கிறேன். இல்லாட்டி அது உங்களோடது."

பிடிவாதத்துக்கு மருந்து கிடையாது. இருதயராஜைப் பகல் தூக்கத்திலிருந்து எழுப்பி, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். யோசித்துப் பார்த்தால், ஓலை இன்னும் யார் வீட்டில் இருக்கும்? ஒழுங்காகக் கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். கொடுக்காதவர்கள் வீட்டில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று யார் யாரை ஏசினாளோ, அவர்கள் வாசலில் இன்றைக்கு அவள் நிற்கவேண்டும்.

"யோசனை நல்லாத்தான் இருக்கு. வாயை மட்டும் ஆட்டோவுல விட்டுட்டு இறங்கு," என்றார் இருதயராஜ்.

முதலில் ஆட்டோ ஸ்டாண்டு பக்கத்தில் சகாதேவன் டீக்கடை. அவர் கிறிஸ்தவர் இல்லை. ஆனால் போன வருஷம் குருத்தோலைப் பவனி அந்த வழியாகப் போனபோது ஒரு பெண் குழந்தை கொடுத்த ஓலைக் குருசு, கல்லாவுக்கு மேலே அண்ணாமலையார் படத்துக்குப் பக்கத்தில் தொங்குவதை இருதயராஜ் தினமும் டீ குடிக்கும்போது பார்த்திருக்கிறார்.

சகாதேவன் மறித்துக்கொண்டு நின்றுவிட்டார். "எம்மா, அதுல மட்டும் கை வைக்காதீங்க. அது வந்த நாள்ல இருந்து வியாபாரம் ஜாஸ்தி. வெள்ளைக்காரங்க அதைப் பார்த்து போட்டோ எடுத்துட்டு ரெண்டு டீ சேர்த்துக் குடிக்கிறாங்க."

"இது எங்க ஓலை சகாதேவன்."

"கொடுத்ததைத் திரும்பக் கேக்கலாமா? டீ வேணா குடிங்க, காசு வேணாம்."

டீ குடித்தார்கள். ஓலை கிடைக்கவில்லை. சினேகா வீட்டில் நாலு ஓலை கிடைத்தது. "எங்க நெத்திக்கு அளந்துதானே பூசுவீங்க, எங்களுக்குப் போதும்" என்று அந்தப் பெண் குத்தினாள். இன்னும் மூன்று வீட்டில் பூட்டு. ஒரு வீட்டில் ஓலையை ஆடு தின்றுவிட்டதாம். மணி மூன்றாகியும் சலேத்மேரியின் மடியில் ஒரு பூனையைக்கூடக் குளிர்காய வைக்க முடியாத அளவு ஓலைதான் இருந்தது.

அப்புறம் வேங்கிக்கால். கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற விமல்ராஜ் வீட்டில் அவர் மனைவி ஆர்த்தி கதவைத் திறந்தாள்.

"ஓலையா? நாங்க போன வாரமே மணிமொழி அக்காகிட்ட கொடுத்துட்டோமே ஆன்ட்டி. எங்க தெரு, பின் தெரு, இருபது வீட்டு ஓலையும் அவங்கதான் வாங்கி வெச்சாங்க, கோயிலுக்கு ஒண்ணா அனுப்புறேன்னு. உங்ககிட்ட வரலையா?"

வரவில்லை. வராது. சலேத்மேரிக்கு அது கேட்ட உடனே புரிந்தது. இருபது வீட்டு ஓலை என்றால் ஒரு சாக்கு. ஊருக்கே பூசலாம்.

ஆட்டோவில் வந்து உட்கார்ந்தாள். இருதயராஜ் வண்டியைக் கிளப்பி, நேராக அடுத்த தெருவில் தையல்கடைக்கு இருபதடி முன்னால் நிறுத்தினார்.

"இன்னாங்க, நீங்க போய்க் கேளுங்களேன்," என்றாள்.

"ரிசப்ஷன் புடவைனு சொன்னது நானா?"

"எனக்காக ஒரு வார்த்தை…"

"ந்தா மேரி, எனக்குக் காலு உடைஞ்சு ஆறு மாசம் படுத்திருந்தப்போ இந்த மணிமொழி தினம் வந்து பார்த்துட்டுப் போச்சு. அது முகத்துல நான் முழிக்கிறேன், பிரச்சினை இல்ல. ஆனா வார்த்தை உன்னோடது. நீயே போ." சொல்லிவிட்டுச் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

மணிமொழி மிஷினில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி குனிந்துகொண்டாள். மிஷின் நிற்கவில்லை.

"கோயில்காரம்மா வந்திருக்காங்க. வழி தவறிட்டாங்களா?"

சலேத்மேரி வழியெல்லாம் தயாரித்துக்கொண்டு வந்த வார்த்தை வேறு, வாயில் வந்தது வேறு. "ஜாக்கெட் தைக்கணும்," என்றாள்.

"துணி?"

"துணி அப்புறம் தர்றேன். அளவு எடுத்துக்கோ."

மணிமொழி எழுந்தாள். கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்தாள். "கையைத் தூக்குங்க."

சலேத்மேரி இரண்டு கையையும் தூக்கினாள். டேப் முதுகைச் சுற்றி வந்து மார்பில் இறுகியது. அரைச்சாண் தூரத்தில் மணிமொழியின் முகம். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சலேத்மேரி சுவரைப் பார்த்தாள். மூலையில் ஒரு சாக்கு. கட்டிய வாயிலிருந்து காய்ந்த ஓலை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

"முப்பத்தெட்டு," என்றாள் மணிமொழி. "போன தடவை முப்பத்தாறு. திட்டித் திட்டி உடம்பு ஏறிடுச்சு."

"மணிமொழி, சாம்பல் போச்சு."

"எந்தச் சாம்பல்?"

கையைத் தூக்கியபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சுவரில் வைத்தது, ரேணுகாம்பாள் வந்தது, ஆட்டுக்கறி அடிப்பிடித்தது, சட்டி பளபளத்தது. மணிமொழி உதட்டைக் கடித்துப் பார்த்தாள். "மூஞ்சி தெரியுது" என்ற இடத்தில் அவளால் முடியவில்லை. டேப்பை விட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"மந்திரிச்ச ஓலையில கறிச்சட்டியா! டப்பா மேல ஒரு பேப்பர் எழுதி ஒட்டினா இன்னாவாம்?"

"ஒட்டலை. யாருகிட்டயும் சொல்லவும் இல்ல. என் தப்புதான்."

மணிமொழியின் சிரிப்பு மெல்ல நின்றது. சலேத்மேரி வாயிலிருந்து அந்த வார்த்தையை வேங்கிக்கால் மட்டுமில்லை, திருவண்ணாமலையே கேட்டதில்லை.

"ஓலை அதோ இருக்கு," என்றாள். "ஜனங்க கொடுத்த ஓலை, எனக்கு எதுக்கு? கீழ்பென்னாத்தூருக்குத் தூக்கிட்டுப் போகவும் மனசு வரல, உங்க மூஞ்சில வந்து கொடுக்கவும் மனசு வரல. எடுத்துட்டுப் போங்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. அந்தப் புடவையில இன்னா குறை?"

சலேத்மேரி இன்னும் கையை இறக்கவில்லை. இறக்கச் சொல்லவில்லையே.

"குறை இல்ல."

"குறை இல்லாமலா பத்துப் பொம்பளைங்க முன்னால…"

"அவருக்கு ஆட்டோ கவிழ்ந்து காலு உடைஞ்சப்போ நான் வேண்டிக்கிட்டேன். எழுந்து நடந்தா திருவிழாவுக்கு மாதாவுக்கு நான்தான் பட்டு எடுப்பேன்னு. அந்த நீலப் பட்டு என்னோடது. யாருக்கும் சொல்லல. நீ வந்து உன்னோடதைப் பிரிச்சே. பார்த்தேன். என் புடவையைவிட உன்னோடது நல்லா இருந்துச்சு. ரொம்ப நல்லா இருந்துச்சு. ரெண்டையும் பக்கத்துல வெச்சா என்னோடதை எவளும் திரும்பிப் பார்க்கமாட்டா. அதான் வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

 மணிமொழி டேப்பை எடுத்து விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

"நேர்ச்சைனு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே அந்த நீலத்துக்குக் கொசுவம் பிடிச்சுக் கட்டிவிட்டிருப்பேனே," என்றாள் கடைசியில்.

"சொல்லியிருக்கலாம்."

"ஏழு மாசம் பஸ்ஸுல போனேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நின்னுகிட்டே."

"தெரியும்."

"இன்னா தெரியும்? உக்கார்றதுக்கு இடம் கிடைக்காதுனா?"

"மூணாவது பெஞ்சு காலியா இருந்துச்சு. அது தெரியும்."

மணிமொழி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கையை இறக்குங்க, விழுந்துடப்போகுது," என்றாள்.

ஓலையைக் கோயிலுக்குத் தூக்கிப்போகவில்லை. இருட்டுவதற்குள் முடியவேண்டும் என்று அங்கேயே மொட்டைமாடியில் இரும்புச்சட்டியை வைத்து எரித்தார்கள். இருதயராஜும் சாக்கைச் சுமந்துகொண்டு மேலே வந்தார். வந்ததும் அவர் செய்த வேலை, சண்டை வராதா என்று வேடிக்கை பார்த்தது. அவருக்கு ஏமாற்றம் இல்லை.

"இவ்வளவு நெருப்பு எதுக்கு? வெந்து வெள்ளையாயிடும்," என்றாள் சலேத்மேரி.

"எங்க வீட்டு மாடி, எங்க சட்டி. எனக்கும் அடுப்பு மூட்டத் தெரியும்."

"இருபத்திரண்டு வருஷமா எரிக்கிறேன்."

"எரிச்சு இன்னா பண்றது, சட்டிதான் தேய்ச்சீங்க."

சலிப்பதற்குச் சலேத்மேரி தன் முந்தானையை எடுத்தாள். மணிமொழி கையைத் தட்டிவிட்டு, ஜாக்கெட்டுக்கு உள்ளே வைக்கிற லைனிங் துணி கொண்டுவந்து இரண்டு தடவை சலித்தாள். ஒரு தடவை போதும் என்று இவள், இரண்டு தடவைதான் என்று அவள். கடைசியில் சலேத்மேரி சாம்பலை விரலில் தொட்டுப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு நைசாக வந்ததில்லை. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரே நாளில் எவ்வளவுதான் ஒப்புக்கொள்வாள் ஒரு மனுஷி?

புதன்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குச் சாமியார் எழில் சாம்பலைத் தட்டில் கொட்டிப் பார்த்தார். சாவிக்கொத்தைச் சமையல் மேடையிலிருந்து எடுத்துச் சலேத்மேரி கையில் வைத்தார். ஆறு மணிக்குக் கோயில் நிறைந்து, வாசல் மரத்தடி வரைக்கும் ஆட்கள். ஆபீஸுக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மார்க்கெட்டுக்குப் போகிற கூடைக்காரிகள் எல்லாருக்கும் அவசரம்.

"அம்மா, ஒரே வரிசைனா எட்டு மணி ஆயிடும். ரெண்டு வரிசை வைக்கலாம். ஒண்ணுக்கு நான். இன்னொண்ணுக்கு நீங்களே பூசுங்க."

 எத்தனை வருஷமாகத் தட்டைப் பிடித்துக்கொண்டு, நீயே பூசு என்று ஒரு நாளாவது சொல்லமாட்டார்களா என்று மனசுக்குள் கேட்டிருப்பாள். எத்தனை சாமியார்கள் வந்து போனார்கள், ஒருத்தருக்கும் தோன்றவில்லை. விரல் தானாகத் தட்டை நோக்கிப் போனது. சாம்பல் படாமல் பாதியில் நின்றது.

"மணிமொழி பூசட்டும் சாமி," என்றாள். "இது அவ சேர்த்து வெச்ச ஓலை. அவ சலிச்ச சாம்பல். நான் தட்டு பிடிக்கிறேன்."

"அவங்க வந்திருக்காங்களா?"

"மூணாவது பெஞ்சு, ஓரம்."

திரும்பிப் பார்க்காமலேதான் சொன்னாள்.

மணிமொழி முதலில் மாட்டவே மாட்டேன் என்றாள். நடுக்கோயிலில், எண்ணூறு பேர் பார்க்க, சலேத்மேரி அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று முன்னால் இழுத்துக்கொண்டு போனாள். சலேத்மேரி இழுத்தால் யார் நிற்க முடியும்? சலேத்மேரி தட்டை ஏந்தி அவள் பக்கத்தில் நின்றாள். வரிசையில் முதல் ஆளுக்குப் பூசுவதற்குமுன், தட்டு பிடிக்கிறவள் நெற்றியில் பூசவேண்டும் என்பது முறை. மணிமொழி விரலைச் சாம்பலில் தோய்த்தாள். கொஞ்சமாக இல்லை. நன்றாகவே தோய்த்து, சலேத்மேரியின் நெற்றியில் மேலிருந்து கீழ், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், ஜாக்கெட்டுக்குப் பட்டி வைக்கிற அகலத்துக்குக் குருசு போட்டாள்.

"மனம் திரும்பு," என்று சொல்லவேண்டும். சொன்னாள். ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி, கண்ணை நேராகப் பார்த்து, வேண்டியதைவிட ஒரு மூச்சு கூடுதலாக நின்று சொன்னாள்.

"ஆமென்," என்றாள் சலேத்மேரி. சாம்பல் இமையில் உதிர்ந்தது. குரலைத் தணித்துக்கொண்டு, "சாம்பலைக் கம்மியா எடு. எண்ணூறு பேருக்கு வரணும்," என்றாள்.

"வரும் அக்கா. ஒரு சாக்கு இல்ல எரிச்சோம்," என்று சொல்லி, மணிமொழி அடுத்த நெற்றியை நோக்கி விரலை நீட்டினாள்.